மூன்று கார்டும் ஒரு கம்பளியும்

(ஹைதராபாத்தில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இசைக் கலைஞன் என்று பெயர் வாங்க ஒருவனுக்கு இசை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? நம் சபாக்களில் கேட்டால் இத்தனை வருடக் குருகுலவாசம், இத்தனை நூறு கீர்த்தனை, மூன்று காலத்திலும் சுத்தமான தாளம் என்று பட்டியல் நீளும். இங்கிலாந்து இளைஞர்கள் சிலர் இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் முடித்தார்கள். 1977-இன் தொடக்கத்தில் சைட்பர்ன்ஸ் என்ற ரசிகர் சிற்றிதழில் ஒரு படம் வந்தது. கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்க விரல்களை எங்கெங்கே வைப்பது என்று கையால் வரைந்து, இவ்வளவு போதும், போய்க் குழு ஆரம்பி என்கிற பொருளில் எழுதியும் வைத்திருந்தார்கள். பங்க் இசையின் கொள்கை அறிக்கை என்று இன்றைக்கும் அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் மேடையை அடைத்துக்கொண்டு, இருபது நிமிடம் கிட்டார் தனி ஆவர்த்தனம் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலையில்லாத பையன்களுக்கு அந்த மேடையில் இடமில்லை. படிக்கட்டை ஏறி என்றைக்கு மேடைக்குப் போவது, படிக்கட்டே வேண்டாம் என்றார்கள்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய லண்டன் சங்கதியை ஹைதராபாத்தில் நின்று பேசக் காரணம் உண்டு. இதே கேள்வியை இந்த ஊர் இதைவிடப் பெரிய அளவில், இதைவிட அதிக விலை கொடுத்து எழுப்பியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 6 அன்று கத்தர் காலமானார். எல்.பி. ஸ்டேடியத்தில் வைத்த உடலைப் பார்க்க வந்த கூட்டத்தையும், அல்வாலில் அவர் நிறுவிய பள்ளி வளாகத்தில் அரசு மரியாதையோடு நடந்த அடக்கத்தையும் உங்களில் பலர் நேரிலோ தொலைக்காட்சியிலோ பார்த்திருப்பீர்கள். தூப்ரானில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த விட்டல் ராவ், வங்கி எழுத்தர் வேலையை விட்டு, நக்சல்பாரி இயக்கத்தின் பாடகராகி, கதர் கட்சியின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டு, எந்த அரசு அவரைத் தேடியதோ அந்த அரசின் மரியாதையோடு மண்ணுக்குள் போனார். மேடையில் அவருக்குச் சுருதிப் பெட்டி கிடையாது. ராக ஆலாபனை கிடையாது. தோளில் கொங்கடி, அதாவது நம் ஊர் இடையர்கள் போர்த்தும் கறுப்புக் கம்பளி, காலில் சலங்கை, கையில் ஒரு தடி. இதை இசை என்று சொல்லலாமா என்று தயங்குகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

நான் சொல்ல வந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பங்க் ஆகட்டும், கத்தர் ஆகட்டும், இசைக்குத் திறமை வேண்டாம் என்று இவர்கள் யாரும் நிரூபிக்கவில்லை. சபா கணக்கில் வராத ஒரு திறமையை இவர்கள் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கேட்கிறவனைப் பாடுகிறவனாக மாற்றும் திறமை அது. அதை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. இல்லாத குறையை வழிபாட்டை வைத்துச் சரிக்கட்டிக்கொண்டோம். சிலருக்கு டி-சர்ட்டில் படம், சிலருக்குச் சிலை, சிலர் பெயரில் விருது. இந்த வழிபாடு அந்தத் திறமையைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிட்டது என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் லண்டன் கதையை முடித்துவிடலாம். பங்க் என்றதும் நினைவுக்கு வரும் முகம் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷஸ். கிளென் மேட்லாக் விலகிய பிறகு 1977 பிப்ரவரியில் அந்தக் குழுவில் பேஸ் கிட்டாருக்கு வந்தவர். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. இது எதிரிகள் கட்டிவிட்ட கதையல்ல, உடன் இருந்தவர்களே ஒப்புக்கொண்டது. சரி, 1977 அக்டோபரில் வெளிவந்த அவர்களுடைய ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தில் பேஸ் வாசித்தது யார்? பெரும்பாலான பாடல்களில் ஸ்டீவ் ஜோன்ஸ். குழுவின் கிட்டார்காரரான அவர் தன் கிட்டாரையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை பதிவுசெய்து, சுவர்போல ஒரு நாதத்தை எழுப்பி, பேஸையும் தானே வாசித்தார். தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ் அனுபவசாலி. ஆக, திறமையே வேண்டாம் என்று உலகத்துக்குச் சொன்னதாக நாம் கொண்டாடும் அந்த இசைத்தட்டு கச்சிதமான கைகளால் இழைத்து இழைத்துச் செய்யப்பட்டது. டி-சர்ட்டில் இருப்பதோ வாசிக்கத் தெரியாதவரின் முகம். 21 வயதில், 1979-இல், போதைப்பொருளால் இறந்துபோனது அந்த முகத்தை நிரந்தரமாக்கிவிட்டது. ஜோன்ஸின் வலக்கையைப் பற்றிக் கிட்டார் பிடிப்பவர்கள்தான் பேசுகிறார்கள்.

நியூயார்க்கின் ராமோன்ஸ் கதையும் இதற்குத் துணை. 1976-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் பதினான்கு பாட்டு, மொத்தமே அரை மணி நேரத்துக்குள். கேட்டால் யாரும் வாசித்துவிடலாம் போலிருக்கும். ஜானி ராமோன் கிட்டார் தந்திகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். அந்த வேகத்தில், ஒரு கச்சேரி முழுக்க, கை ஓயாமல். கீழிருந்து மேலும் அடித்தால் உழைப்பு பாதி. ஆனால் அந்த நாதம் வராது. மூன்று கார்டு என்பது உண்மை. மூன்று கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில் பயிற்சியும் பிடிவாதமும் இருந்தன என்பதும் உண்மை. கேட்பவனுக்கு ‘இது நம்மாலும் முடியும்’ என்று தோன்றச் செய்வதற்குப் பின்னால் எத்தனை வேலை இருக்கிறது என்பதை இந்த இரண்டு குழுக்களுமே காட்டும். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ஒரு சிறு அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தபோது வந்தவர்கள் சில டஜன் பேர்தான். அந்தச் சிலரிலிருந்து பிற்பாடு புகழ்பெற்ற பல குழுக்கள் கிளம்பின. அவர்களுக்கு அன்று கிடைத்தது ரசனையைவிடத் துணிச்சல்.

இப்போது நம்மூருக்கு வருவோம். கத்தரின் கலை வானத்திலிருந்து குதித்ததல்ல. தெலுங்கு நாட்டில் புர்ரகதை என்று ஒரு வடிவம் உண்டு. நடுவில் தம்பூரா ஏந்திக் கதை சொல்பவர், இரு பக்கமும் தோல்வாத்தியத்தோடு இரண்டு துணைப் பாடகர்கள். ஒருவர் கதைக்கு நடுவே நகைச்சுவையை அவிழ்ப்பார், மற்றவர் நாட்டு நடப்பைச் சொருகுவார். நம் வில்லுப்பாட்டில் புலவருக்கு ‘ஆமா’ போடுகிறவர்களின் வேலையையே இரண்டாகப் பிரித்து, கூர்மையாக்கியது போன்ற ஏற்பாடு. 1940-களில் பிரஜா நாட்டிய மண்டலி இந்த வடிவத்தை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது. ஷேக் நாசர் அதில் மன்னராக இருந்தார். இளமையில் கத்தரும் புர்ரகதைக் குழு வைத்து நடத்தியவர்தான். இயக்குநர் பி. நர்சிங் ராவ் அவரை அடையாளம் கண்டு தன் கலைக் குழுவுக்கு அழைத்துக்கொள்ள, அங்கிருந்து 1970-களில் ஜன நாட்டிய மண்டலி பிறந்தது. புர்ரகதை, ஒக்குக்கதை, வீதி பாகவதம், தாலாட்டு, ஒப்பாரி என்று கிராமத்தில் புழங்கிய மெட்டுகளை எடுத்து, அவற்றில் கூலியையும் நிலத்தையும் போலீஸையும் வைத்துப் பாடினார்கள். தெரிந்த மெட்டில் தெரியாத செய்தியை வைத்தால் செய்தி மனதில் தங்கும். இந்த உத்தி ஒரு மரபின் முதிர்ந்த ஞானம். அதைத் தேர்ச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கத்தர் நிகழ்ச்சிகளின் ஒளிப்பதிவுகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். எடுத்த எடுப்பில் வாத்தியம் எதுவும் இராது. உச்சஸ்தாயியில், திறந்த தொண்டையில், ஒரு வரியை இழுத்து நிறுத்துவார். பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அப்புறம்தான் டப்பு விழும். டப்பு என்பது நம் பறையின் உடன்பிறப்பு: ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி; அடிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் தோலைக் காய்ச்சி முறுக்கேற்றினால்தான் நாதம் எழும். இரண்டு சரணம் போனதும் பாட்டை அப்படியே நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவார். பேச்சு என்றால் சொற்பொழிவல்ல. அந்த ஊரின் கிணறு, அந்த ஊரின் விலைவாசி, யாரோ ஒரு தாயின் வாய்மொழி. பேச்சின் கடைசிச் சொல் எந்தச் சுருதியில் விழுகிறதோ அங்கிருந்தே பல்லவி மறுபடி கிளம்பும். இதற்குள் பல்லவி கூட்டத்தின் வாயில் ஏறியிருக்கும். பல்லவி பெரும்பாலும் நாலைந்து சுரத்துக்குள் அடங்குவது. கூலி வேலை முடித்துக் களைத்து வந்தவரும் மூச்சு முட்டாமல் பாடலாம். ஏற்ற இறக்கமெல்லாம் சரணத்தில், அது அவர் பொறுப்பு. பாட்டில் எந்தப் பகுதி தனக்கு, எந்தப் பகுதி ஜனங்களுக்கு என்று பாகம் பிரித்து வைத்திருந்தார். 1990 பிப்ரவரியில் தலைமறைவிலிருந்து வெளியே வந்து நிஜாம் கல்லூரி மைதானத்தில் பாடியபோது, மைதானம் கொள்ளாத அந்தக் கூட்டத்தை ஒரு மைக்கும் சில டப்புகளும் கட்டி நிறுத்தின. அதைச் சுரம் தப்பாமல் ஆலாபனை செய்வதைவிட எளிது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பாடுகிறவனுக்கு ஒரு பங்கு, கூடியிருப்பவனுக்கு ஒரு பங்கு என்ற இந்தப் பாகப்பிரிவினை சங்கீத உலகத்துக்குப் புதிதுமல்ல. கோல்கொண்டாக் கோட்டையில் ராமதாசரைச் சிறைவைத்த அறை என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் தானீஷா காலத்தில் தாசில்தாராக இருந்து, அரசுப் பணத்தில் பத்ராசலம் கோயிலைக் கட்டியதற்காகச் சிறைப்பட்டவர் அவர். அவருடைய கீர்த்தனைகள் பஜனை கோஷ்டிக்கு ஏற்றவை. சின்னப் பல்லவி, ஒரே மெட்டில் வரிசையாகச் சரணங்கள், திரும்பப் பாட இடம். அவற்றைக் கச்சேரிக்கேற்ற கம்பீரத்தோடு பாலமுரளிகிருஷ்ணா பாடி உலகறியச் செய்தது இருபதாம் நூற்றாண்டில். ராமதாசரைத் தம் பாட்டில் வைத்துப் போற்றிய தியாகராஜரும் இரண்டு கையாலும் எழுதினார். பஞ்சரத்னம் வித்துவானுக்கு, திவ்யநாமக் கீர்த்தனைகள் திண்ணையில் கூடியிருப்பவர்களுக்கு. திவ்யநாமம் எளிது என்பதால் அதை எழுதியபோது தியாகராஜரின் ஞானம் குறைந்துபோயிருந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதே எளிமை கொங்கடி போர்த்திக்கொண்டு வந்தால் மட்டும் ‘கத்துகிறார்’ என்கிறோம். இங்கே அளவுகோலைப் பிடித்திருக்கும் கை எந்தச் சாதியுடையது என்று கேட்காமல் மேலே போவது நேர்மையாகாது. டப்பு அடித்தவர்கள் தலித்துகளான மாதிகர்கள். பறை நம் ஊரில் யாருடைய தோளில் தொங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் ராக் கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோதும் ‘இதுவும் சங்கீதமா’ என்ற குரலைக் கேட்டோம். நாற்பது வருடமாகப் பாடம் மாறவில்லை.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் பலமானது. கத்தர் கொண்டாடப்படுவது பாட்டுக்காக இல்லை; 1997 ஏப்ரல் 6 அன்று வெங்கடாபுரம் வீட்டில் சுடப்பட்டு, ஒரு குண்டைச் சாகும்வரை உடம்பில் சுமந்தாரே, அந்தத் தியாகத்துக்காக; இயக்கத்துக்காக. பாட்டு வெறும் வாகனம். இதில் உண்மை இருக்கிறது, பாதி. குண்டு இல்லாவிட்டால் இந்த அளவு பிம்பம் எழுந்திருக்காது என்பதை மறுக்க மாட்டேன். சிட் விஷஸுக்கு அகால மரணம் செய்ததைக் கத்தருக்கு அந்தக் குண்டு செய்தது. ஆனால் இயக்கத்தில் குண்டடி பட்டவர்கள் பலர், பாடியவர்களும் பலர். பிம்பத்தை விலக்கிவிட்டுப் பாட்டை மட்டும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கௌதம் கோஷ் இயக்கி, 1970-களின் இறுதியில் உருவான ‘மா பூமி’ படத்தில் நிஜாம் ஆட்சியை எதிர்த்து ஒரு பாட்டு வருகிறது. கத்தரே திரையில் தோன்றிப் பாடுகிறார். அது அவர் எழுதியதுகூட இல்லை, தெலங்கானா ஆயுதப் போராட்டக் காலத்தில் யாதகிரி கட்டியது. அந்தப் படம் வந்தபோது குண்டும் இல்லை, இன்றைய பிம்பமும் இல்லை. பாட்டு ஊரெல்லாம் பரவியது. அதேபோல ‘ஜெய் போலோ தெலங்கானா’ படத்துக்கு அவர் எழுதிப் பாடிய பாட்டைத் தனி மாநிலப் போராட்டத்தில் அவருடைய அரசியலை அறவே ஏற்காத கட்சிக்காரர்களும் பாடினார்கள். 2011-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகர் நந்தி விருதே அதற்காக அவருக்கு அறிவிக்கப்பட்டது. கொள்கையை ஏற்காதவன் வாயிலும் ஒரு பாட்டு ஏறுகிறது என்றால் அதைக் கொள்கை ஏற்றவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் சங்கீதக்காரர்களுடையது. இப்படிக் கதவைத் திறந்துவிட்டால் சத்தம் போடுகிறவனெல்லாம் கலைஞனாகிவிடுவானே, தரம் என்று ஒன்று வேண்டாமா? வேண்டும். நான் தரத்தைக் கைவிடச் சொல்லவில்லை, இந்த வகைக்கு உரிய தரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். கொங்கடி போர்த்தி, தடி தூக்கி, கத்தர் மாதிரியே உச்சத்தில் குரல் எடுத்தவர்கள் தெலங்கானா மேடைகளில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரின் பாட்டு அடுத்த தேர்தல்வரை நிற்கவில்லை. கோரெட்டி வெங்கன்னாவின் பாட்டு நின்றது. அவர் யாரையும் போலப் பாடவில்லை, தன் சொல்லையும் தன் மண்ணின் லயத்தையும் நம்பினார். ஆக இங்கேயும் தேறியவர்கள் உண்டு, தேறாதவர்கள் உண்டு. கூட்டம் பல்லவியை எத்தனையாவது சுற்றில் வாங்கிக்கொள்கிறது, பேச்சிலிருந்து பாட்டுக்கு வரும் மடிப்பு எங்கே தெரிகிறது, பாடியவர் போன பிறகு ஊரில் யார் அதைப் பாடுகிறார்கள்: இவையெல்லாம் சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயங்கள். கமகத்தைச் சோதிப்பதைவிட இவை தெளிவற்றவையல்ல. சுவைப்பதற்கான பாட்டையும் பாடுவதற்கான பாட்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் குழப்பம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கையும் கத்தரையும் நான் பக்கத்தில் வைத்துப் பேசினாலும் இரண்டும் ஒன்றல்ல. செக்ஸ் பிஸ்டல்ஸுக்குப் பின்னால் மால்கம் மெக்லாரனின் துணிக்கடை இருந்தது. எதிர்காலமே இல்லை என்ற வெறுப்பு இருந்தது. 1978 ஜனவரியில் குழு உடைந்தும் போனது. ஜன நாட்டிய மண்டலிக்குப் பின்னால் ஒரு கட்சி, அதன் கட்டுப்பாடு, எதிர்காலத்தைப் பற்றிய அசைக்க முடியாத நம்பிக்கை. நம்பிக்கைதான் கத்தரின் கலைக்குப் பலம். என் கருத்தில், சில சமயம் பலவீனமும்கூட. தியாகிகளுக்கான பாட்டுகளில் துயரம் அப்படியே துயரமாக நிற்கவிடாமல், கடைசிச் சரணத்தில் கட்டாயமாக முழக்கமாகிவிடும். ஒப்பாரி வடிவத்தைக் கையில் எடுத்த கலைஞன் ஒப்பாரியை முழுதாக நம்பியிருக்கலாம். இப்படிச் சொன்னால் அவருடைய அபிமானிகள் கோபிப்பார்கள். கோபம்தான் வழிபாட்டின் அடையாளம். பங்க் ரசிகர்களிடம் இதே போன்ற ஒன்றைச் சொன்னாலும் இதே கோபம் வரும்.

வழிபாட்டுக்கு ஆளானவனும் அதிலிருந்து எளிதில் தப்ப முடியாது. 2017 வாக்கில் கத்தர் கோயில்களுக்குப் போனபோதும், 2018 தேர்தலில் முதல் முறையாக வாக்களித்தபோதும் எழுந்த சலசலப்பைப் பாருங்கள். ஒரு மனிதர் தன் எழுபதை நெருங்கும் வயதில் மனம் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். பிம்பத்துக்கு அந்த உரிமை இல்லை. மறைந்த பிறகு அரசாங்கம் பிம்பத்தை எடுத்துக்கொண்டது. ஆந்திரத்தின் நந்தி விருதுகள் இருந்த இடத்தில் தெலங்கானா அரசு கத்தர் பெயரில் திரைப்பட விருதுகளை அறிவித்து, 2025 ஜூனில் முதல்முறையாக வழங்கியது. தெருவில் பாடியவர் பெயரில் சினிமாவுக்கு விருது. கௌரவம்தான், மறுக்கவில்லை. ஆனால் டப்புக்காரர் எவரும் அந்த மேடைக்கு உரியவரல்ல. அந்தேஸ்ரீயின் பாட்டுக்கு நேர்ந்ததும் இதன் கிளைதான். பள்ளிக்கூடம் பார்க்காத கவிஞர் எழுதி, போராட்டக் கூட்டங்களில் ஜனங்கள் பாடிப் பாடி வளர்த்த பாட்டு 2024-இல் மாநில கீதமானபோது ஆஸ்கர் வென்ற கீரவாணி அதற்கு இசையமைத்தார். ஆந்திரக்காரர் எப்படி இசையமைக்கலாம் என்று சண்டை நடந்தது. அந்தச் சண்டைக்குள் காதில் விழாமல் போன கேள்வி வேறு: இத்தனை வாத்தியங்களோடு வரும் இந்த வடிவத்தை, எந்தத் துணையும் இல்லாத ஒரு கிராமத்துக் கூட்டம் தானாகப் பாட முடியுமா? கீரவாணியின் வித்தையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்த வித்தை கேட்பவனுக்காக ஆனது. பாட்டு பாடுகிறவர்களுடையதாக இருந்தது.

ஆகவே சிலை வைப்பவர்களிடமும் விருது தருபவர்களிடமும் எனக்குக் கோரிக்கை இல்லை, உங்களிடம் இருக்கிறது. கத்தரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் குண்டைப் பற்றி ஒரு பத்தி எழுதினால், பல்லவியைப் பற்றி இரண்டு பத்தி எழுதுங்கள். இந்த நகரத்தில் இசை கற்றுத்தரும் தமிழர்கள் அநேகர் இருக்கிறீர்கள். உங்கள் மாணவர்களை ஒரு டப்புக்காரரிடம் அனுப்பி அந்த நடைகளைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள், அவருக்கு உரிய சன்மானத்தோடு. அப்புறம், செகந்திராபாத்திலும் பத்மாராவ் நகரிலும் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது பரணில் ஜன நாட்டிய மண்டலியின் ஆடியோ கேசட் ஏதாவது கிடைத்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒலிநாடாவில் பூஞ்சை பிடித்தால் மீட்பது கஷ்டம். ஈரமில்லாத இடத்தில் வைத்து, கூடிய சீக்கிரம் கணினியில் ஏற்றி, ஒரு நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ பிரதி கொடுத்துவிடுங்கள்.